தாளம் போடுவது யார்? – வீட்டு ஸ்டுடியோ கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டிஜிட்டல் இணைப்புகளைப் பற்றியவை. கடிதங்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்திருந்தாலும் கோளாறு பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால், அவற்றுள் சிலவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என்னிடம் பதினைந்து ஆண்டுப் பழமையான ஒர்க்ஸ்டேஷன் கீபோர்டு உள்ளது. அதன் பின்புறத்தில் 'டிஜிட்டல் அவுட்' என்று ஓர் ஆர்சிஏ சாக்கெட் இருக்கிறது. அதை ஆடியோ இன்டர்ஃபேஸின் (ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுசேர்க்கும் பெட்டி) எஸ்பிடிஃப் (ஒலியை எண்களாக அனுப்பும் ஓர் இணைப்பு முறை) உள்ளீட்டில் இணைத்துப் பதிவு செய்தால் ஒலி நன்றாக வருகிறது. ஆனால் ஏறத்தாழ விநாடிக்கு ஒரு முறை மெல்லிய 'டிக்' சத்தமும் சேர்ந்து பதிவாகிறது. கேபிளை இரண்டு முறை மாற்றிவிட்டேன். என்ன செய்யலாம்? – வாசகர், கோவை.

பதில்: கேபிளை மாற்றியது வீண்செலவு, கோளாறு கடிகாரத்தில் இருக்கிறது. டிஜிட்டல் கருவி ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு படிகக் கடிகாரம் உண்டு. 44.1 கிலோஹெர்ட்ஸ் என்று அமைத்தால், விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து எண்ணாக மாற்று என்று கட்டளையிடுவது அந்தக் கடிகாரம்தான். ஆனால் இரு கருவிகளில் உள்ள இரு படிகங்கள் ஒருபோதும் மிகச் சரியாக ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பத்து லட்சத்தில் இருபது பங்கு வித்தியாசம் என்பது சாதாரணம். கைக்கடிகாரம் ஒன்று அந்த அளவு பிசகினால் நாளுக்கு ஒன்றே முக்கால் விநாடிதான் முந்தும் அல்லது பிந்தும். யாரும் குறை சொல்லமாட்டோம். அதே பிசகு 44,100 என்னும் எண்ணிக்கையில் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு சாம்பிள், அதாவது ஓர் அளவீடு, கூடுவதாகவோ குறைவதாகவோ முடிகிறது. கீபோர்டு அனுப்பும் சாம்பிள்களில் ஒன்று இன்டர்ஃபேஸில் இடமில்லாமல் விழுந்துவிடுகிறது, அல்லது வந்து சேராத ஒன்றுக்காக முந்தையதே மறுமுறை எடுத்துக்கொள்ளப்படுகிறது. அந்த இடத்தில் அலைவடிவம் ஒடிவதைத்தான் உங்கள் காது 'டிக்' என்று கேட்கிறது.

இதற்குச் செலவே இல்லாத தீர்வு இருக்கிறது. எஸ்பிடிஃப் கேபிளில் இசை மட்டும் பயணம் செய்வதில்லை. ஒவ்வொரு சாம்பிளும் எந்தக் கணத்துக்கு உரியது என்ற கால அளவும் அதே மின்துடிப்புகளுக்குள் பின்னப்பட்டே வருகிறது. இன்டர்ஃபேஸின் கட்டுப்பாட்டு மென்பொருளைத் திறந்தால் 'கிளாக் சோர்ஸ்' அல்லது 'சிங்க்' என்ற இடத்தில் 'இன்டர்னல்' என்று இருக்கும். அதை 'எஸ்பிடிஃப்' என்று மாற்றுங்கள். அந்த நொடியிலிருந்து இன்டர்ஃபேஸ் தன் சொந்தக் கடிகாரத்தை ஒதுக்கிவிட்டுக் கீபோர்டின் எண்ணிக்கையைப் பின்தொடரும், 'லாக்' அல்லது 'சிங்க்' விளக்கு சிமிட்டாமல் எரியும், 'டிக்' மறைந்துவிடும்.

கீபோர்டையே இன்டர்ஃபேஸுக்குப் பின்னால் வரச் செய்ய முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் கீபோர்டில் டிஜிட்டல் வெளியீடு மட்டும் இருக்கிறது; உள்ளீடு இல்லை. அதற்குச் சொல்லத் தெரியும், கேட்கத் தெரியாது. கச்சேரி மேடையில் அப்படி ஒருவர் இருந்தால், தாளத்தை அவரிடம் கொடுத்துவிட்டு மற்றவர்கள் அவரைப் பார்த்து வாசிப்பதே விவேகம். எத்தனை கருவிகள் சேர்ந்தாலும் தாளம் போடும் கை ஒன்றே இருக்க வேண்டும் என்பது இந்தத் துறையின் முதல் விதி.

இதற்கு இரண்டு பக்க விளைவுகள் உண்டு. கீபோர்டை அணைத்துவிட்டால் இன்டர்ஃபேஸ் தாளம் இழந்து ஊமையாகிவிடலாம் என்பதால், கீபோர்டை முதலில் போட்டுக் கடைசியில் அணையுங்கள். அத்துடன், இவ்வகைக் கீபோர்டுகள் பலவற்றில் வால்யூம் குமிழைத் திருகினாலும் டிஜிட்டல் வெளியீட்டின் அளவு மாறாது. அதைப் பழுது என்று எண்ணிவிட வேண்டாம். இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மாதம் ஒரு முறை மட்டும் கீபோர்டைப் பதிவு செய்கிறவருக்கு இரண்டு சாதாரணக் கால் அங்குல ஜாக் கேபிள்களே போதும். ஒரு முறை அனலாக்காக மாறி மீண்டும் டிஜிட்டலாவதால் ஏற்படும் இழப்பை, மின்விசிறி ஓடும் நம் அறைகளில் யாரும் காதால் கண்டுபிடிக்கப் போவதில்லை.

கேள்வி: ஒரு பாடகியின் குரலை 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்து வைத்திருந்தேன். அதே பாடலுக்குக் கீபோர்டைச் சேர்ப்பதற்காக எஸ்பிடிஃப் வழியாக இணைத்து, கிளாக் சோர்ஸையும் மாற்றினேன். இப்போது அவருடைய குரல் தடித்து, பாடலே தளர்ந்து நடப்பது போல் ஒலிக்கிறது. பதிவு கெட்டுவிட்டதா? – வாசகி, யாழ்ப்பாணம்.

பதில்: பதிவுக்கு ஒன்றும் ஆகவில்லை, கவலை வேண்டாம். பழைய கீபோர்டுகள் பலவற்றின் டிஜிட்டல் வெளியீடு 44.1 கிலோஹெர்ட்ஸில் நிலையாகப் பூட்டப்பட்டிருக்கும். விநாடிக்கு 48,000 என்று எண்ணிச் சேமித்த குரலை, விநாடிக்கு 44,100 என்று எண்ணுகிற கடிகாரத்தின் கையில் கொடுத்திருக்கிறீர்கள். அது ஒரு விநாடிப் பாட்டை ஒரு விநாடிக்கு மேல் இழுத்துத்தான் வாசிக்க முடியும். நான்கு நிமிடப் பாடல் ஏறத்தாழ 4 நிமிடம் 21 விநாடியாக நீளும். சுருதி ஒன்றரை அரைச்சுரத்துக்குச் சற்றே குறைவாக இறங்கும். ஐந்தரைக் கட்டையில் பாடியவர், ஐந்து கட்டைக்கும் நாலரைக் கட்டைக்கும் நட்டநடுவே, ஹார்மோனியத்தில் எந்தக் கட்டையிலும் சேராத ஓர் இடத்தில் போய் நிற்பார். சுருதிப் பெட்டியோடு ஒட்டாமல் கேட்கும் இந்த விநோதம் வந்தால், சாம்பிள் ரேட்தான் (விநாடிக்கு எத்தனை சாம்பிள் என்ற எண்ணிக்கை) மாறியிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

கிளாக் சோர்ஸை 'இன்டர்னல்' என்றும் சாம்பிள் ரேட்டை 48 என்றும் திருப்பினால் குரல் தன் இடத்துக்கு ஏறிவிடும். கீபோர்டையும் டிஜிட்டலாகத்தான் சேர்க்க வேண்டும் என்றால், குரல் கோப்பை மென்பொருளில் 44.1க்கு முறையாக மாற்றி ஒரு நகல் எடுத்து, புதிய திட்டமும் 44.1 ஆகவே இருக்கும்படி தொடங்குங்கள். சில இன்டர்ஃபேஸ்களில் எஸ்பிடிஃப் உள்ளீட்டுக்கு என்று தனியாகச் சாம்பிள் ரேட் மாற்றி இருக்கும். அது இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

இதற்கிடையில், அதாவது குரல் தாழ்ந்து ஒலித்த நிலையிலேயே, ஏதாவது புதிதாகப் பதிவு செய்தீர்களா? அப்படியானால் அந்தக் கோப்புகளில் உள்ளவை விநாடிக்கு 44,100 சாம்பிள்கள். நெற்றியில் ஒட்டியிருக்கும் சீட்டோ 48,000 என்கிறது. அவை பின்னர் வேகமாகவும் சுருதி ஏறியும் ஒலிக்கும். அவற்றை 'மாற்ற' வேண்டாம். சீட்டை மட்டும் 44,100 என்று திருத்தும் வசதி பெரும்பாலான ஒலித் திருத்த மென்பொருள்களில் உண்டு. அதைச் செய்தபின் சரியாகிவிடும்.

கேள்வி: எஸ்பிடிஃப் இணைப்புக்குப் பழைய டிவிடி பிளேயரோடு வந்த ஆர்சிஏ வயரையே பயன்படுத்தலாமா? கடைக்காரர் தங்க முலாம் பூசிய 'டிஜிட்டல் கேபிள்' ஒன்றைப் பல ஆயிரம் ரூபாய்க்குக் காட்டுகிறார். – வாசகர், திருச்சி.

பதில்: மஞ்சள் முனை உள்ளதை எடுங்கள். அது வீடியோவுக்காக 75 ஓம் மின்மறுப்போடு செய்யப்பட்டது. எஸ்பிடிஃப் கேட்பதும் அதே 75 ஓம்தான். சிவப்பும் வெள்ளையும் வெறும் ஒலிக்கானவை. இந்த இணைப்பில் 48 கிலோஹெர்ட்ஸில் விநாடிக்கு 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பிட்டுகள் ஓடுகின்றன என்பதால், ஒலிக்கான வயர் ஒரு மீட்டர் தூரத்துக்குத் தாக்குப்பிடித்தாலும் நீளம் கூடும்போது மின்துடிப்புகள் முனையில் மோதித் திரும்பி இடறத் தொடங்கும். மிக மலிவான செட்டுகளில் மூன்று நிறங்களுக்கும் உள்ளே ஒரே வயர்தான் இருக்கும் என்பதும் உண்மை. ஆகவே கொஞ்சம் தடிமனான மஞ்சள் கேபிளாகப் பார்த்து எடுப்பது நல்லது. தங்க முலாமால் துரு பிடிக்காது, இசை இனிக்காது. டிஜிட்டல் கேபிள் மோசமானால் சடசடவென்று ஒலி அறுந்து தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். வயலினின் மென்மை மட்டும் குறைந்தது என்று யாராவது சொன்னால் புன்னகைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: என் இன்டர்ஃபேஸில் நான்கு மைக் உள்ளீடுகளே உள்ளன. மிருதங்கம், கடம், வயலின், பாட்டு ஆகியவற்றை ஒரே நேரத்தில் பதிவு செய்ய எட்டு மைக் ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் கருவி) ஒன்றை வாங்கி, 'ஏடாட்' வழியாக இணைக்கலாம் என்கிறார்கள். ஏடாட் என்றால் என்ன? எப்படி இணைப்பது? – வாசகர், மதுரை.

பதில்: வீட்டு ஸ்டுடியோவில் டிஜிட்டல் இணைப்பு தன் விலைக்கு உண்மையான வேலை செய்கிற இடம் இதுதான். அலெசிஸ் நிறுவனம் 1991இல் அறிமுகம் செய்த எட்டு டிராக் டிஜிட்டல் டேப் ரெக்கார்டரின் பெயர் ஏடாட். எஸ்-விஎச்எஸ் வீடியோ கேசட்டில் பதிவு செய்த அந்தக் கருவி எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டது; ஆனால் எட்டுச் சேனல்களை ஒரே ஒளியிழையில் அனுப்ப அது கொண்டுவந்த முறை, அந்தப் பெயரிலேயே இன்றும் நிலைத்திருக்கிறது. 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸில் 24 பிட் ஒலியாக எட்டுச் சேனல்கள் ஒரு கேபிளில் போகும். சாம்பிள் ரேட்டை 96க்கு உயர்த்தினால் அதே கேபிளில் நான்கு சேனல்களே போகும், 192இல் இரண்டு. எனவே எட்டு மைக் வேண்டும் என்றால் 48இல் நில்லுங்கள். மிருதங்கத்துக்கு 96 தேவை என்று நான் நினைக்கவில்லை.

இன்டர்ஃபேஸ் வாங்கும்போதே ஆப்டிகல் உள்ளீடு இருக்கிறதா, அது ஏடாட்டை ஏற்குமா என்று பார்த்திருக்க வேண்டும். எஸ்பிடிஃப் ஒளியிழையிலும் வரும்; அப்போது அதற்கும் ஏடாட்டுக்கும் ஒரே சதுர வடிவச் சாக்கெட்டும் ஒரே டாஸ்லிங்க் ஒளியிழைக் கேபிளும்தான்; ஆனால் அந்த ஒளி பேசும் மொழி வேறு. பல இன்டர்ஃபேஸ்களில் ஒரே சாக்கெட்டை எந்த மொழியில் கேட்க வேண்டும் என்று மென்பொருளில் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அது எஸ்பிடிஃப் என்றே விடப்பட்டிருந்தால் எத்தனை முறை கேபிளைப் பிடுங்கிச் செருகினாலும் அமைதியே பதிலாக வரும்.

கேபிளைக் கையில் எடுத்ததும் முதல் வேலையாக இரு முனைகளிலும் உள்ள சிறிய பிளாஸ்டிக் மூடிகளைக் கழற்றுங்கள். கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் நிறத்தில் இருப்பதால் அவை கேபிளின் பகுதி என்றே தோன்றும். நான் வாங்கிய முதல் கேபிளை, மூடியோடு சேர்த்து உள்ளே திணிக்க அரை மணி நேரம் போராடினேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அதன்பின் ஒரு முனையை ப்ரீஆம்பின் 'ஏடாட் அவுட்'டில் செருகி, மறுமுனையை உள்ளங்கைக்கு நேரே பிடித்துப் பாருங்கள். தோலின் மேல் சிவப்புப் புள்ளி ஒன்று விழ வேண்டும். விழுந்தால் கேபிளும் அனுப்பும் கருவியும் நலம். இந்த இழை பிளாஸ்டிக்கால் ஆனது. மேசை விளிம்பில் செங்குத்தாக மடக்கினாலும், நாற்காலிச் சக்கரம் ஏறினாலும் பாழாகிவிடும். ஐந்து மீட்டருக்கு மேல் நீட்டாமல் இருப்பது நல்லது.

இனி தாளம். ஒரே ஒரு கேபிளால் ப்ரீஆம்பிலிருந்து இன்டர்ஃபேஸுக்கு இணைத்தால், ப்ரீஆம்ப்தான் தாளம் போட்டாக வேண்டும்: அதன் பின்புறச் சுவிட்சை உள்ளகக் கடிகாரம், 48 என்று வைத்து, இன்டர்ஃபேஸின் கிளாக் சோர்ஸை ஏடாட் என்று மாற்றுங்கள். இன்டர்ஃபேஸே தலைமை வகிக்க வேண்டும் என்று விரும்பினால், அதன் கடிகாரம் ப்ரீஆம்புக்குப் போய்ச் சேர ஒரு வழி வேண்டும்: இன்டர்ஃபேஸின் ஏடாட் அவுட்டிலிருந்து ப்ரீஆம்பின் ஏடாட் உள்ளீட்டுக்கு இரண்டாவது ஆப்டிகல் கேபிள், அல்லது இரண்டிலும் பிஎன்சி என்னும் வட்டச் சாக்கெட் இருந்தால், கடிகாரத் துடிப்பை மட்டும் கொண்டுசெல்லும் ஒரு வேர்ட் கிளாக் கேபிள். எனக்குப் பிடித்தது இரண்டு கேபிள் ஏற்பாடு. ப்ரீஆம்பை அணைத்துவைத்த நாளிலும் இன்டர்ஃபேஸ் தன் போக்கில் இயங்கும். தனியாக அமர்ந்து பாட்டுக் கேட்கும்போது மறந்துபோன கடிகார அமைப்பைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மிருதங்கத்துக்கு மைக் வைக்கும்போது இன்னொன்றும் பார்க்க வேண்டும். வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என்று இரண்டு மைக் வைப்பீர்கள். ஒன்றை இன்டர்ஃபேஸிலும் மற்றதை ப்ரீஆம்பிலும் செருகாதீர்கள். ஒலியை எண்ணாக மாற்ற ஒவ்வொரு கருவியும் சற்றே வெவ்வேறு நேரம் எடுத்துக்கொள்ளும். 48 கிலோஹெர்ட்ஸில் 48 சாம்பிள் தாமதம் என்பது ஒரு மில்லி விநாடி. அது மைக்கை ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் பின்னால் தள்ளிவைத்ததற்குச் சமம். உண்மையான வித்தியாசம் அதைவிடக் குறைவாகவே இருக்கும் என்றாலும், இரு மைக்குகளும் ஒரே தட்டைக் கேட்கும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்து, தொப்பியின் கும்கி நாதம் வெறுமையாகிவிடும். எவ்வளவு வித்தியாசம் என்று அறிய ஒரே மாதிரியான இரண்டு மைக்குகளை அருகருகே சேர்த்துப் பிடித்து, ஒன்றை இங்கும் மற்றதை அங்கும் செருகி, ஒரு முறை கைதட்டிப் பதிவு செய்து, இரண்டு அலைவடிவங்களையும் பெரிதாக்கிப் பாருங்கள். இடைவெளியைச் சாம்பிள் கணக்கில் எண்ணிக் குறித்துக்கொண்டால், பின்னர் அத்தனை சாம்பிள் நகர்த்திச் சரிசெய்யலாம். அதைவிட எளிது, ஒரு வாத்தியத்தின் மைக்குகள் அனைத்தையும் ஒரே கருவியில் வைப்பது.

கேள்வி: டெஸ்க்டாப் கம்ப்யூட்டரிலிருந்து ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபயருக்கு ஒலியை எடுத்தால் 'ம்ம்ம்' என்ற முனகல் விடாமல் கேட்கிறது. எர்த் பின்னை எடுத்துவிட்டால் நின்றுவிடும் என்று எலக்ட்ரீஷியன் சொல்கிறார். – வாசகி, சேலம்.

பதில்: அதைச் செய்யாதீர்கள். முனகல் நிற்கக்கூடும், ஆனால் கருவிக்குள் மின்கசிவு ஏற்படும் நாளில் அதன் உலோகப் பெட்டியைத் தொடுகிறவரைக் காப்பது அந்தப் பின் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு ஒரு சுவிட்ச் போர்டிலும் ஆம்ப்ளிஃபயருக்கு இன்னொன்றிலும் எர்த் கிடைத்து, நடுவே ஒலி வயரின் உறையும் இரண்டையும் இணைக்கும்போது ஒரு வளையம் உருவாகிறது. நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதில் சுற்றி வந்து முனகுகிறது. இரண்டு பிளக்குகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகிப் பார்ப்பது முதல் முயற்சி. அது பலிக்காவிட்டால், கம்ப்யூட்டரின் பின்புறத்தில் ஆப்டிகல் வெளியீடு இருக்கிறதா என்று பாருங்கள். பல மதர்போர்டுகளில் உண்டு. சிறு கதவு ஒன்று மூடியிருக்கும். ஒளியிழையில் மின்சாரம் பாய்வதில்லை என்பதால் அந்த வழியில் வளையம் அறுந்துவிடும். ஆர்சிஏ சாக்கெட்டில் செருகும் கோஆக்சியல் எஸ்பிடிஃப் இந்த விஷயத்தில் உதவும் என்று நம்பாதீர்கள். அதன் உறையும் இரு கருவிகளின் எர்த்தையும் இணைத்துவிடும். ஆப்டிகலில் இசைக்குப் பதில் ஒன்றும் கேட்காவிட்டாலோ கரகரவென்று இரைந்தாலோ, கம்ப்யூட்டர் டால்பி டிஜிட்டல் போன்ற சுருக்கிய வடிவத்தை அனுப்புகிறதா என்று பார்த்து, சுருக்காத வடிவமான 'பிசிஎம்' என்று மாற்றுங்கள்.

கேள்வி: எல்லாக் கருவிகளுக்கும் தாளம் போடும் 'மாஸ்டர் கிளாக்' பெட்டியைத் தனியாக வாங்கினால் என் பதிவுகளின் தரம் உயருமா? என்னிடம் ஓர் இன்டர்ஃபேஸும் ஒரு ஏடாட் ப்ரீஆம்பும் உள்ளன. – வாசகர், சிங்கப்பூர்.

பதில்: உயராது. பத்துக் கருவிகள் ஒரே நேரத்தில் இணையும் பெரிய ஸ்டுடியோவிலும், வீடியோவோடு ஒத்தியங்க வேண்டிய இடத்திலும் அந்தப் பெட்டிக்கு வேலை உண்டு. இரண்டே கருவிகள் உள்ள அறையில் இரண்டில் ஒன்று மற்றதைப் பின்தொடர்ந்தால் போதும். அந்தப் பணத்தில் சுவருக்குக் கனமான திரையும் பாடகருக்கு நல்ல மைக் ஸ்டாண்டும் வாங்குங்கள்.

கேள்வி: என் தந்தை நாகஸ்வரக் கலைஞர். 1990களில் அவருடைய கச்சேரிகளை டாட் கேசட்டுகளில் பதிவு செய்துவைத்தார். டெக் இன்னும் ஓடுகிறது. ஹெட்ஃபோன் சாக்கெட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு எடுத்தால் இரைச்சலாக இருக்கிறது. டிஜிட்டலாகவே எடுக்க முடியுமா? – வாசகி, தஞ்சாவூர்.

பதில்: எடுக்க முடியும், நீங்கள் கட்டாயம் அப்படித்தான் எடுக்க வேண்டும். டாட் என்பது ஒலியை எண்களாகப் பதிவு செய்யும் சிறு கேசட்; 1987இல் வெளிவந்த வடிவம். கேசட்டில் இருப்பவை ஏற்கெனவே எண்கள், பெரும்பாலும் 16 பிட். அவற்றை ஒருமுறைகூட அனலாக்காக மாற்றாமல், எண்களை எண்களாகவே கோப்புக்குள் கொண்டுவர எஸ்பிடிஃப் உதவும். டெக்கின் டிஜிட்டல் அவுட் ஆர்சிஏவா ஆப்டிகலா என்று பார்த்து, அதே வகை உள்ளீடு உள்ள இன்டர்ஃபேஸை வாங்கவோ இரவல் பெறவோ செய்யுங்கள்.

கேசட் ஓடும்போது டெக்கின் முகப்பில் 48, 44.1, 32 ஆகியவற்றுள் ஒன்று தெரியும். நேரடிப் பதிவுகள் பெரும்பாலும் 48 ஆக இருக்கும். நீண்ட கச்சேரிக்காக 'லாங் பிளே'யில் பதிவு செய்திருந்தால் 32. மென்பொருளில் திட்டத்தை அதே எண்ணில் அமைத்து, கிளாக் சோர்ஸை எஸ்பிடிஃப் என்று வையுங்கள். தாளம் டெக்கின் கையில் இருக்கட்டும். வால்யூம் எதையும் தொட வேண்டாம்; டேப்பில் இருந்த அளவே கோப்பில் வரும்.

அந்தக் காலத்து வீட்டு உபயோக டெக்குகளில் எஸ்சிஎம்எஸ் என்ற நகல் தடை உண்டு. டிஜிட்டல் நகலிலிருந்து மற்றொரு டிஜிட்டல் நகல் எடுக்க விடாது. உங்கள் தந்தையின் சொந்தக் கச்சேரியைக்கூடத் திருட்டுப் பொருளாகப் பார்க்கும் விநோதக் காவலாளி அது. எனினும் அது தடுப்பது வீட்டு உபயோக ரெக்கார்டர்களையே. கம்ப்யூட்டர் இன்டர்ஃபேஸ்கள் பெரும்பாலும் அந்தத் தடையைப் பொருட்படுத்துவதில்லை. முகப்பில் 'எம்ஃபசிஸ்' என்ற விளக்கு எரிந்தால் மட்டும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிவில் உச்ச அதிர்வெண்கள் வேண்டுமென்றே உயர்த்தப்பட்டிருக்கும். கோப்பில் சீவாளியின் கூர்மை காதைக் கிழிக்கும். அதற்குரிய டி-எம்ஃபசிஸ் வடிகட்டியைப் பின்னர் மென்பொருளில் இட்டால் இயல்புக்கு வந்துவிடும்.

முப்பது ஆண்டு பழகிய டேப் எத்தனை முறை ஓடும் என்று சொல்ல இயலாது. ஆகவே சோதனைக்கு உங்களுக்கு முக்கியமில்லாத கேசட்டைப் பயன்படுத்துங்கள். கச்சேரிக் கேசட்டைப் போடும்போது, மென்பொருளில் பதிவை முதலில் தொடங்கிவிட்டு அதன்பின் டெக்கின் பொத்தானை அழுத்துங்கள். நடுவில் நிறுத்தாமல், ராகத்துக்கு முன் தவில்காரர் வாரை இழுத்துச் சுருதி சேர்ப்பதிலிருந்து கடைசி வரை, இரண்டு மணி நேரமும் ஒரே ஓட்டமாக எடுத்துவிடுங்கள்.